கடதாசி சுமந்த வண்ணம்



கற்பூரக் கட்டியொன்றைத் திறந்து வைப்பின் அது நாளடைவிலே தேய்ந்து மறைகின்றது. உருகி நீராய் ஓடாது, திண்ம நிலையினின்றும் நேரே ஆவியாகின்றது. இதனைப் பதங்கமாதல் என்பர். இவ்வியல்பு துணியச்சுத் தொழிலுக்குத் துணையாய் வந்த வரலாற்றையே இன்று கூற விழைகின்றேன்.

சித்திரத்தை ஒரு பொருளினின்றும் பிறிதொன்றுக்கு மாற்றும் எண்ணம் பழையது. இங்கிலாந்தின் லிவர்பூல் நகரிலே யோன் சட்லர், கை கிறீன் என்னும் இருவர், 1756 ஆம் ஆண்டிலே, சத்தியக் கூற்றொன்று அளித்தனர். யூலை 27 ஆம் நாள், பிறர் உதவியின்றி ஆறு மணி நேரத்துள் 1,200 இற்கும் மேற்பட்ட சுவரோடுகளில் தாம் சித்திரம் பதித்ததாக அவர்கள் கூறினர். தேர்ந்த ஓவியர் நூற்றுவர் சேர்ந்தும் அந்நேரத்துள் அத்துணை வரைதல் இயலாது என்பதும் அவர்தம் கூற்று. அந்த நூறு ஓவியரின் பிழைப்பு என்னாவது என்னும் வினா அக்கூற்றில் இல்லை.

துணிக்கு இம்முறை வரச் செயற்கை நார்கள் தோன்றவேண்டியிருந்தது. அசற்றேற்றுப் பட்டு சாதாரணச் சாயங்களை ஏலாமையால், 1920 களிலே நீரில் கரையாத நுண்துகட் சாயங்கள் ஆக்கப்பெற்றன. 1941 இல் வின்பீல்டு, டிக்சன் என்னும் இங்கிலாந்து இரசாயன அறிஞர் பொலியெஸ்ரர் நாரான ரெரிலீனைக் கண்டனர். அச்சாயங்கள் சூட்டில் ஆவியாகும் இயல்பைக் கொண்டு, 1957 இல், பிரான்சு நாட்டு நோயல் டி பிளாஸ் என்பார் கடதாசி வழியே துணியில் அச்சிடும் முறையை வகுத்தார்.

முறை எளியது. சித்திரத்தைக் கண்ணாடியில் தோன்றுமாப்போல இடவலம் மாற்றித் தாளில் அச்சிட்டு, துணிமேல் கவிழ்த்து, ஏறத்தாழ 200 பாகை செல்சியசுச் சூட்டில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை அழுத்துவர். சாயம் ஆவியாகி நாருள் புகுந்து கலக்கும். பின்னர்க் கழுவ வேண்டுவதில்லை.

எனினும் வெற்றி தாளைப் பொறுத்தது. மிகையாய் மை உறிஞ்சுந் தாள் சாயத்தைத் தன்னுள்ளே மறைத்துக்கொள்ளும். துணியில் நிறம் மங்கும். ஆதலின் மையை மேற்பரப்பிலேயே நிறுத்தும் பூச்சும், ஆவி பின்புறமாய்க் கசியாத செறிவும் வேண்டும். ஈரமுற்ற தாள் கறைபடுத்தும். எனவே உலர்ந்த இடத்தில் வைத்தல் நன்று. இழுபடுந் துணிக்குச் சூட்டில் சிறிது ஒட்டும் தாள் உகந்தது. தாள் நகரின் உருவம் இரட்டிக்கும்.

துணியும் பொருந்தவேண்டும். இதனை அறியாது, ஒருகால் எம் மாணவர்க்கான பருத்திச் சட்டைகளில் பாடசாலைச் சின்னத்தை இம்முறையிற் பதிப்பித்தேன். சில சலவைகளிலே சின்னம் வெளிறிற்று. பெற்றோர் அரிதிற் சேர்த்துத் தந்த பணம் வீணாயிற்று. பிழை தொழிலாளியுடையதன்று, கேளாது பணித்த என்னுடையதே. பருத்தி நார் இச்சாயத்தைத் தன்னுட் கொள்வதில்லை.

கடதாசி தான் சுமந்த வண்ணத்தைப் பிறிதொன்றுக்கு ஈந்து, தான் வெளிறி ஒதுங்குகின்றது. ஆசிரியத் தொழிலும் அத்தகையதே. ஆனால் கொடுப்போர் கொள்வோரின் இயல்பை முன்னரே அறிதல் வேண்டும். வெளிறிய அச்சட்டைகள் எனக்குக் கற்பித்த பாடம் இதுவே.