வள்ளல் பி.எஸ். அப்துர் ரஹ்மான்: தேடிய செல்வமும் விட்டுச் சென்ற நன்மையும்

திருவல்லிக்கேணியிலிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால் சிவப்பும் வெள்ளையுமாய் உயர்ந்து நிற்கும் கலங்கரை விளக்கத்தைக் காணலாம். அண்ணா சாலை வழியே சென்றால் 1973-ல் திறக்கப்பட்ட ஜெமினி மேம்பாலம் வரும். இரண்டையும் கட்டியது ஈஸ்ட் கோஸ்ட் கன்ஸ்ட்ரக்ஷன்ஸ் அண்ட் இண்டஸ்ட்ரீஸ் என்ற நிறுவனம். அந்த நிறுவனத்துக்குப் பின்னால் நின்றவர் கீழக்கரையைச் சேர்ந்த மர்ஹூம் அல்ஹாஜ் பி.எஸ். அப்துர் ரஹ்மான். நம் பிள்ளைகள் நாள்தோறும் இவற்றைக் கடந்து போகிறார்கள். அவர் பெயரை எத்தனை பேர் அறிவார்கள்?

ஆலிம் வீட்டுப் பிள்ளை

1927 அக்டோபர் 15 அன்று கீழக்கரையில் பிறந்தார். தந்தை புகாரி ஆலிம் மார்க்கக் கல்வி கற்றவர். சங்கு, முத்து, இரத்தினக் கல் என்று கடல் கடந்து வியாபாரம் செய்வது கீழக்கரை மக்களின் பரம்பரைத் தொழில். அந்த வழியில் இளம் வயதிலேயே கொழும்புக்குச் சென்றார். கல் வியாபாரத்தில் தொடங்கியவர் பல நாடுகளுக்குப் பயணித்தார். ஊரில் 'சேனா ஆனா' என்றே அவரை அழைத்தனர்.

ஜும்ஆ தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருளைத் தேடுங்கள் என்று திருக்குர்ஆன் (62:10) கூறுகிறது. தொழுகையும் தேடலும் ஒரே ஆயத்தின் இரு பக்கங்களாக இருப்பதை நாம் கவனிக்க வேண்டும்.

பாலைவனத்தில் ஒரு துணிச்சல்

1973-ல் துபாயின் அல் குரைர் குடும்பத்தாருடன் கூட்டாக ஈடிஏ நிறுவனம் தொடங்கப்பட்டது. ஐக்கிய அரபு அமீரகம் என்ற நாடு உருவாகி அப்போது இரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. வானுயர்ந்த கட்டடங்கள் எழும்பாத காலம் அது. அந்த நேரத்தில் அங்கே முதல் போட்டது சாதாரணத் துணிச்சல் அல்ல. கட்டுமானம், குளிரூட்டல், கப்பல், வணிகம் என்று ஈடிஏ கிளை விரித்தது. தமிழகத்து இளைஞர்கள் பெருமளவில் அங்கே வேலை பெற்றனர்.

திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் பாய் விரிக்க இடம் கிடைத்தால் போதும் என்று தங்கி, வளைகுடா விசாவுக்காகக் காத்திருந்தவர்களை நாம் அறிவோம். அவர்கள் பெற்ற சம்பளத்தில்தான் எத்தனையோ ஊர்களில் ஓட்டு வீடுகள் மாடி வீடுகளாயின, தங்கைகளின் நிக்காஹ் நடந்தது.

கல்விக்குக் கொடுத்தது

1968-ல், அதாவது ஈடிஏ பிறப்பதற்கு முன்பே, சீதக்காதி அறக்கட்டளை தொடங்கப்பட்டுவிட்டது. பணம் குவிந்த பிறகு கொடுக்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. செத்தும் கொடுத்தவர் என்று போற்றப்படும் கீழக்கரை வள்ளலின் பெயரையே அதற்குச் சூட்டினார். வண்டலூரில் கிரசென்ட் பள்ளி எழுந்தது. தமிழகத்தில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் அனுமதிக்கப்பட்ட 1984-லேயே கிரசென்ட் பொறியியல் கல்லூரி வந்தது. அதுவே பின்னர் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்து இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1988-ல் கீழக்கரையில் தாசிம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரி உருவானது. கல்லூரிக்காக வெளியூர் போக வேண்டும் என்றாலே பெண்பிள்ளையின் படிப்பு பத்தாம் வகுப்போடு நின்ற காலத்தில், கல்லூரியே வீட்டு வாசலுக்கு வந்தது. தந்தை பெயரால் புகாரி ஆலிம் அரபிக் கல்லூரியும் நடைபெறுகிறது. உலகக் கல்வியையும் மார்க்கக் கல்வியையும் அவர் எதிரெதிராக நிறுத்தவில்லை.

எது நிலைத்தது?

2015 ஜனவரி 7 அன்று சென்னையில் தமது 87-ஆம் வயதில் அவர் வஃபாத்தானார். அதன் பின் வந்த ஆண்டுகளில் ஈடிஏ குழுமம் கடும் நிதி நெருக்கடியில் சிக்கியது. அதை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அது பெரும் சோதனை. இதை மறைத்துவிட்டு அவர் வாழ்வைப் பேசுவது நியாயமல்ல. ஏனெனில் பாடமே இதில்தான் இருக்கிறது. வணிகம் தேய்ந்தது, கல்விக்கூடங்கள் நிற்கின்றன.

இதே திருவல்லிக்கேணியில் இன்னொரு சான்று உண்டு. ஆற்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனை 1855-க்குப் பின் அரசின் கைக்குப் போய்விட்டது. அந்தக் குடும்பத்தார் 1795-ல் எழுப்பிய வாலாஜா பள்ளிவாசலில் இன்றும் ஐவேளை பாங்கு ஒலிக்கிறது.

மனிதன் மரணித்ததும் அவனுடைய அமல்கள் நின்றுவிடுகின்றன. நிலையான தர்மம், பயன் தரும் கல்வி, தனக்காக துஆ செய்யும் ஸாலிஹான பிள்ளை ஆகிய மூன்றைத் தவிர என்பது நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக முஸ்லிம் நூலில் வரும் ஹதீஸின் கருத்து.

குடும்பத்தை மறந்து கொடுக்கச் சொல்லவும் இல்லை மார்க்கம். நோயுற்றிருந்த ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) தம் சொத்து முழுவதையும் தர்மம் செய்ய முன்வந்தபோது, மூன்றில் ஒரு பங்கே அதிகம் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். வாரிசுகளைப் பிறரிடம் கையேந்த விடுவதைவிடத் தன்னிறைவோடு விட்டுச் செல்வது சிறந்தது என்றும் விளக்கினார்கள். குடும்பத்தின் பங்கு வேறு, தர்மத்தின் பங்கு வேறு. இரண்டையும் உயிரோடு இருக்கும்போதே பிரித்து எழுதி வைப்பதுதான் அறிவுடைமை.

நம்மில் எல்லோராலும் பல்கலைக்கழகம் கட்ட முடியாது. ஆனால் மஹல்லாவில் ஒரு ஏழைப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்தை ஏற்கலாம். வளைகுடாவிலிருந்து வரும் சம்பளத்தில் மாதந்தோறும் ஒரு சிறு தொகையை இதற்கென்றே ஒதுக்கலாம். இன்றிரவு சாப்பாட்டின்போது வீட்டாரோடு இதைப் பேசுங்கள்.

அல்லாஹ் மர்ஹூம் அவர்களின் பிழைகளைப் பொறுத்து, நற்பணிகளை ஏற்று, மேலான சுவனத்தை வழங்குவானாக. ஆமீன்.