நான் பிடுங்கி வைத்த பிரிக் கேம்



போன வாரம் பேரனின் போனில் கட்டைகள் மேலிருந்து விழுவதைப் பார்த்ததும் 1996-ஆம் வருடத்து எட்டாம் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. அந்த வருடம் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பிரிக் கேமைப் பிடுங்கினேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்த விளையாட்டு வந்த வழி. கணக்கு வாத்தியாருக்கு வரலாறு எதற்கு என்று கேட்காதீர்கள்.

1984-ல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்சி பஜித்னவ் டெட்ரிஸை உருவாக்கினார். கட்டைகளைப் பெட்டிக்குள் அடுக்கும் பென்டோமினோ புதிர்மேல் அவருக்குப் பிரியம். அதில் கட்டைக்கு ஐந்து சதுரம். அவர் நான்காகக் குறைத்தார். நான்கு சதுரங்களை ஒட்டினால், கண்ணாடி பிம்பங்களைத் தனியாக எண்ணியும், ஏழு வடிவம்தான் வரும். (நோட்டில் போட்டுப் பாருங்கள்.) அவருடைய எலக்ட்ரானிகா 60 கணினியில் படம் வரையும் வசதி கிடையாது. அடைப்புக்குறிகளை வைத்தே சதுரம் காட்டினார். பிறகு அதை ஐபிஎம் கணினிக்கு மாற்றியது யார் தெரியுமா? வடிம் கெராசிமவ் என்ற 16 வயதுப் பள்ளி மாணவன்!

உரிமை அரசிடம் இருந்ததால் பஜித்னவுக்கு 1996 வரை ராயல்டி கிடைக்கவில்லை.

அது சட்டைப் பைக்கு வந்தது 1989-ல். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனத்தில் குன்பே யோகோய் கேம் பாய் என்ற கருவியைச் செய்தார். பழகிப்போன, விலை மலிந்த தொழில்நுட்பத்தைப் புது வேலைக்குப் பயன்படுத்துவதுதான் அவர் கொள்கை. அதனால் நிறம் இல்லை, திரைக்குப் பின்னால் விளக்கும் இல்லை. அதே வருடம் வந்த அட்டாரி லிங்க்ஸில் வண்ணத் திரை; ஆனால் ஆறு செல்லை நாலைந்து மணி நேரத்தில் தின்றுவிடும். கேம் பாய் நாலு செல்லில் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓடியது. ஹெங்க் ராஜர்ஸ் என்பவர் மாஸ்கோவுக்கே போய்ப் பேசி கையடக்கக் கருவிக்கான உரிமையை வாங்கினார். அமெரிக்காவில் கேம் பாயோடு டெட்ரிஸையும் சேர்த்தே விற்றார்கள்.

நம் ஊருக்கு வந்தது அதன் நகல். பத்துக் கட்டம் அகலம், இருபது கட்டம் உயரம், இரண்டு பென்சில் செல். மேலே '9999 கேம்ஸ்' என்று போட்டிருக்கும். எண்ணினால் பத்துப் பதினைந்து தேறும், மற்றதெல்லாம் வேகத்தை மாற்றிய அதே ஆட்டம். அதைக் கண்டுபிடித்தவருக்கு இதில் ஒரு காசும் போயிருக்காது.

நல்லது என்ன? படிப்பு தெரியாதவரும் ஆடலாம். ஒரு ஆட்டம் சீக்கிரம் முடியும். விளக்கில்லாததால் இரவில் போர்வைக்குள் ஆட முடியாது, அம்மாக்களுக்கு நிம்மதி. வடிவத்தை மனதுக்குள் திருப்பிப் பார்க்கும் பழக்கம் வரும்; நான் சாக்பீஸால் வருடக்கணக்கில் சொல்லிக்கொடுத்தது அதைத்தான். கெட்டது என்னவென்றால், ஜெயிக்கவே முடியாது. வேகம் கூடிக்கொண்டே போய் நாம் தோற்கும்போதுதான் ஆட்டம் முடியும். அதனால் "இன்னும் ஒன்று" என்று கை போகும். கண்ணை மூடினாலும் கட்டை விழும். 2000-ல் ஹார்வர்டின் ராபர்ட் ஸ்டிக்கோல்ட் குழு ஆராய்ந்தபோது, விளையாடியதே நினைவில்லாத மறதி நோயாளிகளுக்குக்கூடத் தூக்கம் வரும் வேளையில் கட்டைகள் விழுந்தனவாம்.

எனக்கு அந்த ஆராய்ச்சி தேவைப்படவில்லை. பிடுங்கியதைப் பத்திரமாக வைக்கிறேன் என்று வீட்டுக்குக் கொண்டுபோனேன். இரண்டு வாரம் அரையாண்டு விடைத்தாள் கட்டைப் பிரிக்கவில்லை. வீட்டில் கேட்டதற்கு, தலைவலி என்றேன். அதில் அவனுடைய அதிகபட்ச ஸ்கோர் இருந்தது. கணக்கில் 38 எடுத்த பையன். அந்த எண்ணை என்னால் ஒருநாளும் தொட முடியவில்லை.

வருடக் கடைசியில் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றான். "சார், அந்தப் பெட்டி..." என்றான். "ஒழுங்காகப் படி, அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று அனுப்பினேன். லீவில் அவன் அப்பாவுக்கு மாற்றல் வந்து ஊரைவிட்டே போய்விட்டார்கள்.

பெயர் சொல்லவில்லை. படித்தால் உனக்கே தெரியும் தம்பி. பெட்டி என் பீரோவில்தான் இருக்கிறது. செல் கசிந்து ஸ்பிரிங் பச்சை பிடித்திருந்தது. ரேடியோ கடைக்காரர் துடைத்துக் கொடுத்தார், இப்போது ஓடுகிறது. உன் ஸ்கோர் மட்டும் அழிந்துவிட்டது. முகவரி அனுப்பு.