கடனை அடைத்த சர்வாதிகாரி

வாங்கிய கடனைத் திருப்பிக் கொடுப்பவரை யாரும் குறை சொல்வதில்லை. ஆனால் தன் நாட்டின் வெளிநாட்டுக் கடன் முழுவதையும் அடைத்த ஓர் அதிபர், அதே ஆண்டில் சொந்த நாட்டு ராணுவத்தினராலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்தான் ருமேனியாவின் நிக்கோலாய் சௌசெஸ்கு. அந்தக் கடனை உண்மையில் கட்டியது யார் என்று பார்த்தால் அவருடைய முடிவுக்குக் காரணம் புரியும்.

1965-ல் கம்யூனிஸ்ட் கட்சித் தலைமைக்கு வந்த சௌசெஸ்கு, 1968-ல் சோவியத் யூனியன் செக்கோஸ்லோவாக்கியாவுக்குள் படையுடன் நுழைந்ததை வெளிப்படையாகக் கண்டித்தார். அதனால் மேற்கு நாடுகளுக்கு அவரைப் பிடித்துப் போனது. 1978-ல் லண்டன் பக்கிங்ஹாம் அரண்மனையில் அவருக்கு விருந்தே நடந்தது. மேற்கத்திய வங்கிகளும் தாராளமாகக் கடன் கொடுத்தன.

உள்நாட்டில் நிலைமை வேறு. நாட்டின் மக்கள்தொகையைக் கூட்ட வேண்டும் என்று 1966-ல் கருக்கலைப்புக்குத் தடை விதித்தார். கருத்தடைச் சாதனங்களும் கிடைக்காமல் போயின. பிள்ளை இல்லாதவர்களுக்குத் தனி வரி! தொழிற்சாலைகளில் பெண்களுக்குக் கட்டாய மருத்துவப் பரிசோதனை நடந்தது. ரகசியமாகக் கருக்கலைப்பு செய்துகொண்டு ஆயிரக்கணக்கான பெண்கள் இறந்தார்கள். வளர்க்க வழியில்லாத குழந்தைகள் அரசு விடுதிகளில் குவிந்தார்கள்.

1981 வாக்கில் வெளிநாட்டுக் கடன் சுமார் 1,000 கோடி டாலரைத் தொட்டது. வட்டியும் ஏறியது. மற்ற நாடுகள் கூடுதல் அவகாசம் கேட்டுப் பேச்சு நடத்தின. சௌசெஸ்குவோ மொத்தக் கடனையும் சீக்கிரமே தீர்த்துவிட முடிவு செய்தார். அதற்கு டாலர் வேண்டும். விளைந்த தானியமும் இறைச்சியும் ஏற்றுமதியாயின. உள்ளூரில் ரொட்டி, சர்க்கரை, எண்ணெய் எல்லாம் ரேஷனுக்கு வந்தன. மக்கள் அளவுக்கு மீறிச் சாப்பிடுகிறார்கள் என்று சொல்லி அரசே ஓர் உணவுத் திட்டமும் போட்டது. கடும் குளிர்காலத்திலும் வீடுகளுக்கான வெப்ப வசதியும் மின்சாரமும் வெட்டப்பட்டன. தொலைக்காட்சி ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்தான். அதே சமயம் தலைநகர் புகாரெஸ்ட்டின் பழைய பகுதிகளை இடித்துவிட்டு, தனக்காக உலகின் மிகப் பெரிய கட்டடங்களில் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

மக்கள் ஏன் எதிர்க்கவில்லை? செக்குரிடாடே என்ற ரகசியப் போலீஸ்தான் காரணம். அண்டை வீட்டுக்காரரே உளவாளியாக இருக்கலாம் என்ற பயம் எங்கும் இருந்தது. 1983-ல் வந்த சட்டப்படி தட்டச்சு இயந்திரம் வைத்திருப்பவர்கள் அதைப் போலீஸில் பதிவு செய்து, எழுத்து மாதிரியும் கொடுக்க வேண்டும். துண்டுப் பிரசுரம் எந்த இயந்திரத்தில் அடிக்கப்பட்டது என்று கண்டுபிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. அப்படியும் 1987 நவம்பரில் பிரஷோவ் நகரத் தொழிலாளர்கள் கூலிக் குறைப்பை எதிர்த்து வீதிக்கு வந்தார்கள். பலர் கைதாகி அடி உதை வாங்கினார்கள். சொந்த ஊரை விட்டே பலர் அனுப்பப்பட்டார்கள்.

1989 வசந்த காலத்தில் கடன் முழுவதும் தீர்ந்தது என்று அறிவிப்பு வந்தது. ஆனால் கடை வாசலில் வரிசை குறையவில்லை. அந்த டிசம்பரில் திமிஷோரா நகரில் கூடிய மக்கள் மீது ராணுவம் சுட்டது. கிளர்ச்சி புகாரெஸ்ட்டுக்கும் பரவியது. 22-ம் தேதி ஹெலிகாப்டரில் தப்பிய சௌசெஸ்குவும் மனைவி எலெனாவும் பிடிபட்டனர். 25-ம் தேதி அவசர விசாரணை ஒன்றுக்குப் பிறகு இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்த விசாரணையும் நியாயமாக நடக்கவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அந்தப் புரட்சியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் உயிரிழந்தனர்.

வங்கிகளின் கணக்குப்படி சௌசெஸ்கு நாணயமான கடனாளி. ஒரு டாலர்கூடப் பாக்கி வைக்கவில்லை. பசியும் குளிரும், இறந்துபோன பெண்களும் எந்த வங்கிக் கணக்கிலும் ஏறவில்லை. புதிய அரசு கருக்கலைப்புத் தடையைத்தான் முதல் வேலைகளில் ஒன்றாக நீக்கியது. ஏற்றுமதிக்குப் போய்க்கொண்டிருந்த உணவை உள்ளூர்க் கடைகளுக்குத் திருப்பியது. அதுவரை யாருடைய கடனை யார் கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.