ரோலர் மாவு மில்

கோதுமையைக் கல்லில் அரைக்காமல், சுழலும் இரும்பு உருளைகளுக்கு நடுவே படிப்படியாக உடைத்துச் சலித்து, மாவு, ரவை, தவிடு என்று தனித்தனியே பிரித்தெடுக்கும் ஆலை. 19ஆம் நூற்றாண்டில் ஹங்கேரியில் உருப்பெற்று, அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் பெருந்தொழிலாக வளர்ந்தது. இன்று நாம் கடையில் வாங்கும் மைதாவும் ரவையும் பெரும்பாலும் இத்தகைய மில்லிலிருந்து வருபவையே.

தானியம் அரைப்பது வேளாண்மையைவிடப் பழைய வேலை. கலிலேயக் கடலோரத்தில் ஓகாலோ என்ற இடத்தில் கிடைத்த, ஏறத்தாழ 23,000 ஆண்டுப் பழமையுள்ள கல்லில் காட்டுத் தானியங்களின் மாவுத்துகள்கள் ஒட்டியிருந்தன. பிறகு திருகை வந்தது. அதைச் சுற்ற மனிதர்கள், கழுதைகள், தண்ணீர், காற்று என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. தென் பிரான்சின் பார்பெகாலில் ரோமானியர்கள் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் மலைச்சரிவில் 16 நீர்ச்சக்கரங்களை அடுக்கி மாவரைத்தார்கள். 1780களில் அமெரிக்காவின் டெலவேரில் ஆலிவர் எவன்ஸ் என்பவர், வாளிகள் கோத்த பட்டையாலும் திருகுத் தண்டாலும் தானியத்தையும் மாவையும் ஆள் தூக்காமலே மாடிக்கு மாடி நகர்த்திக் காட்டினார். ஜார்ஜ் வாஷிங்டனும் தமது மவுண்ட் வெர்னான் மில்லில் அந்த ஏற்பாட்டைச் செய்துகொண்டார். இத்தனை மாறியும் அரைக்கும் கல் மட்டும் மாறவில்லை.

கல் எல்லாவற்றையும் சேர்த்தே நசுக்கும். கோதுமையின் முளையில் எண்ணெய் உண்டு. அது மாவில் கலந்தால் சில வாரங்களில் சிக்கு வாடை அடிக்கும். மேல்தோல் தூளாகி மாவின் நிறத்தையும் மங்க வைக்கும். ஊருக்குள் அரைத்து ஊருக்குள்ளேயே தின்றவரை இது ஒரு குறையாகத் தெரியவில்லை. கப்பலிலும் ரயிலிலும் மாவை ஏற்றத் தொடங்கியபோதுதான் தொல்லை ஆயிற்று.

விடை ஹங்கேரியிலிருந்து வந்தது. அங்கே 1840களிலேயே பெஸ்ட் நகரில் (இன்றைய புடாபெஸ்டின் ஒரு பகுதி) உருளை ஆலை ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்த கான்ஸ் தொழிற்சாலையின் பொறியாளர் ஆண்ட்ராஷ் மெக்வார்ட் 1870களில் இறுகக் குளிரவைத்த வார்ப்பிரும்பு உருளைகளைச் செய்தார். எளிதில் தேயாத அந்த உருளைகளால் புடாபெஸ்ட் மாவு ஐரோப்பா முழுவதும் பெயர்பெற்றது.

மினியாபொலிஸ் இதைப் பின்பற்றியதற்கு ஒரு விபத்தும் காரணம். மிசிசிப்பி ஆற்றின் செயின்ட் அந்தோணி அருவியோரம் கேட்வாலடர் வாஷ்பர்ன் கட்டிய 'ஏ' மில் அக்காலத்து அமெரிக்காவின் மிகப் பெரிய மாவு மில்களில் ஒன்று. 1878 மே 2 மாலை அது வெடித்துச் சிதறியது. 18 பேர் இறந்தார்கள்; அக்கம்பக்கத்து மில்களும் எரிந்தன. உள்ளே வெடிமருந்து எதுவும் இல்லை, காற்றில் மிதந்த மாவுத்தூள்தான் இருந்தது. தானியம் வராமல் ஓடிய கற்கள் உரசித் தீப்பொறி கிளப்பியிருக்கும் என்று விசாரித்தவர்கள் கருதினார்கள். மாவுத்தூள் வெடிக்கும் என்பது அப்போதே பழைய சேதி. 1785இல் இத்தாலியின் டூரின் நகரத்து மாவுக் கிடங்கொன்று இப்படி வெடித்தது பதிவாகியிருந்தது. மில்காரர்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வாஷ்பர்ன் மில்லை மீண்டும் எழுப்பும்போது தூசியை உறிஞ்சி எடுக்கும் அமைப்பும் ரோலர்களும் சேர்ந்தே உள்ளே வந்தன. தொழிலாளியின் உயிர் மில்லின் வடிவமைப்பில் ஒரு கணக்காகச் சேர்ந்தது அப்போதுதான் என்று சொல்லலாம்.

மில் ஓடும் விதம் இது. வந்திறங்கும் கோதுமையில் கல், ஆணி, வைக்கோல், பிற விதை எல்லாம் சல்லடை, காந்தம், காற்று ஆகியவற்றால் நீக்கப்படும். பிறகு ஈரப்பதம் 16 விழுக்காட்டை ஒட்டி வரும்படி தண்ணீர் தெளித்துப் பல மணி நேரம் ஊறவிடுவார்கள். இதில்தான் சூட்சுமம்: தோல் நெகிழ்ந்து தோலாகவே நிற்கும், உள்ளிருக்கும் மாவுப்பகுதி இளகிக் கழன்று வரும். முதல் ஜோடி உருளைகளில் வரிப்பள்ளங்கள் வெட்டியிருக்கும். ஒன்று மற்றொன்றைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு வேகமாகச் சுற்றும். அதனால் மணி நசுங்காமல் பிளந்து விரியும். உள்ளே இருப்பதை அடுத்தடுத்த ஜோடிகள் சுரண்டியெடுக்க, ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவே சல்லடை. கடைசியில் வழவழப்பான உருளைகள் ரவையை மாவாக்கும். 100 கிலோ கோதுமையில் 75 கிலோவை ஒட்டி வெள்ளை மாவு கிடைக்கும். மிச்சம் தவிடாகவும் முளையாகவும் மாட்டுத் தீவனத்துக்குப் போகும். தமிழ்நாட்டில் பால்மாடு வைத்திருப்பவர் வாங்கும் கோதுமைத் தவிடு இப்படி வருவதுதான். எதுவும் வீணாகவில்லை, உண்மை. ஆனால் இரும்புச்சத்திலும் பி வைட்டமின்களிலும் பெரும்பங்கு மாட்டுக்குப் போய்விடுகிறது.

தவிட்டைச் சலித்து நீக்குவதற்கு எதிர்ப்பு ரோலருக்கு முன்பே உண்டு. அமெரிக்கப் போதகர் சில்வெஸ்டர் கிரஹாம் 1837இல் சலிக்காத மாவுக்காக நூலே எழுதினார். அரசுகள் விழித்துக்கொள்ள இரண்டாம் உலகப் போர் வர வேண்டியிருந்தது. கப்பலில் இடம் மிச்சப்படுத்த பிரிட்டன் 1942இல் மணியின் 85 விழுக்காட்டை மாவாக்கச் சொல்லி 'தேசிய ரொட்டி'யைக் கொண்டுவந்தது. மக்கள் அதன் பழுப்பு நிறத்தை வெறுத்தார்கள். அமெரிக்கா 1940களின் தொடக்கத்தில் வேறு வழிக்குப் போயிற்று: நீக்கிய சத்துகளில் சிலவற்றை மட்டும் தூளாகத் திரும்பக் கலந்தது. இந்தியாவும் 2018இல் ஆட்டா, மைதாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்ப்பதற்கான தரவிதிகளை வகுத்தது.

வெண்மை மோகம் வேறொரு வினையையும் இழுத்து வந்தது. மாவை வெளுக்க 'ஏஜீன்' என்ற நைட்ரஜன் ட்ரைகுளோரைடு வாயுவைச் செலுத்துவது வழக்கமாயிருந்தது. அந்த மாவை உண்ட நாய்களுக்கு வலிப்பு வருவதை பிரிட்டிஷ் மருத்துவ ஆய்வாளர் எட்வர்ட் மெல்லன்பி 1946இல் காட்டினார். அதன்பின் அது கைவிடப்பட்டது. ரொட்டி உப்புவதற்காகச் சேர்த்த பொட்டாசியம் புரோமேட்டை பிரிட்டன் 1990இலும், டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் ரொட்டிகளைச் சோதித்து அறிக்கை வெளியிட்டதையடுத்து இந்தியா 2016இலும் விலக்கின.

கல் முற்றிலும் போய்விடவில்லை. சுழன்று அழுந்தும் கல் மாவின் துகள்களைக் கூடுதலாகச் சிதைக்கிறது. அத்தகைய மாவு தண்ணீரை அதிகம் குடிக்கும், சப்பாத்தி மெத்தென்று வரும். ஆகவே இந்தியாவின் பெரிய ஆட்டா ஆலைகளில் இன்றும் கற்சக்கிகள் (கல் திருகைகள்) வரிசையாக ஓடுகின்றன.

அண்மைக்காலச் சிக்கல் வண்டு. மில்லின் இடுக்குகளில் தங்கும் வண்டுகளைக் கொல்ல மீத்தைல் புரோமைடு வாயுவால் புகைமூட்டி வந்தார்கள். அது ஓசோன் படலத்தை அரிப்பதால், மாண்ட்ரியல் உடன்படிக்கையின்கீழ் வளர்ந்த நாடுகள் 2005இலும் மற்றவை 2015இலும் சில விலக்குகளுடன் அதைக் கைவிட்டன. பதிலாக வந்த சல்ஃபூரைல் ஃபுளூரைடோ புவியை வெப்பமாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிடப் பல ஆயிரம் மடங்கு வலுவானது. ஆதலால் சில ஆலைகள் மில்லை நிறுத்தி, கட்டடம் முழுவதையும் 50 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி ஒரு நாளுக்கு அப்படியே வைத்திருக்கின்றன. வாயு வேண்டாம், உற்பத்தி நிற்கும் அந்த நேரமும் எரிபொருளும்தான் செலவு.