சாம்பல் இங்கே, கரண்ட் எங்கே?

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன் மக்களே. 2008 நவம்பர். திருவொற்றியூர்ல ஒரு கம்பெனியில சித்தப்பாவுக்கு காண்ட்ராக்ட் வேலை, செகண்ட் ஷிஃப்ட். ஒருநாள் சாயங்காலம் ஆறரைக்கே டிபன் கேரியரோட திரும்பி வந்துட்டார். "மெஷினை நிறுத்திட்டாங்கடா. பத்து மணி வரைக்கும் ஓட்டக்கூடாதாம்." ஷிஃப்ட் இல்லைன்னா கூலியும் இல்லை. எங்க மொட்டை மாடியில நின்னா எண்ணூர் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கி தெரியும். அது பாட்டுக்குப் புகைஞ்சிட்டு இருந்துச்சு :-(

இப்போ 'ஸ்மார்ட் கிரிட்', 'டிமாண்ட் மேனேஜ்மென்ட்'னு பெரிய பேச்சா இருக்கு. விஷயம் என்னவோ பழசுதான். மின்சாரத்தை அரிசி மாதிரி மூட்டை கட்டி வைக்க முடியாது. உற்பத்தியும் செலவும் அந்தந்த நொடியே சமமா இருக்கணும். செலவு கூடினா 50 ஹெர்ட்ஸ் ஃப்ரீக்வென்சி இறங்கும். ரொம்ப இறங்கினா மொத்த கிரிட்டும் படுத்துடும். ஒண்ணு உற்பத்தியைக் கூட்டணும், இல்லைன்னா யாரையாவது அணைக்கச் சொல்லணும்.

உற்பத்தியைக் கூட்டுற வேலையில ஒரு பங்கு வடசென்னை தலையிலயும் விழுந்தது. சென்னைக்கு முதல்ல வெளிச்சம் கொடுத்ததே பேசின் பிரிட்ஜ் மின்நிலையம். பிறகு பைக்காரா (1932), மேட்டூர் (1937) நீர்மின்சாரம் வந்தது. ஆனா மழை பொய்த்தா அதுவும் பொய்க்கும். அதனால 1970களில் எண்ணூரில் 450 மெகாவாட், 1990களில் அத்திப்பட்டு பக்கம் வடசென்னை அனல்மின் நிலையம் 630 மெகாவாட். 1996ல் பழைய பேசின் பிரிட்ஜ்லயே 120 மெகாவாட் கேஸ் டர்பைன். இது சட்டுனு ஸ்டார்ட் ஆகும், உச்ச நேரத்துக்குன்னே வச்சது.

அப்படியும் போதலை. காத்தாலை கைகொடுக்கிறது மே முதல் செப்டம்பர் வரைதான். காத்து நின்னதும் 2008 நவம்பரில் உயர் அழுத்த இணைப்பு வச்ச தொழிற்சாலைகளுக்கு 40 சதவீதம் வெட்டு. மாலை 6 முதல் 10 வரை விளக்குக்கு மட்டும் கொஞ்சம். சித்தப்பா மாட்டினது இதுலதான். 2012ல் பற்றாக்குறை கிட்டத்தட்ட 4000 மெகாவாட். சென்னைக்கு 2 மணி நேர வெட்டு. வெளிமாவட்டங்களில் பாதி நாள் இருட்டு. கோவை, திருப்பூர் மக்கள் நம்மளைத் திட்டினதுல நியாயம் இருக்கு. கட்டுப்பாடுகள் முழுசா விலகினது 2015ல்.

அணைக்கச் சொல்றதுக்கு இன்னொரு வழி விலை. 2022 கட்டண உத்தரவுப்படி உச்ச நேரத்தில் (காலை 6-10, மாலை 6-10) உயர் அழுத்தத் தொழிற்சாலைகளுக்கு 25 சதவீதம் கூடுதல், இரவு 10 முதல் 5 வரை 5 சதவீதம் தள்ளுபடி. ஸ்மார்ட் மீட்டர் வந்தா இதே கணக்கை வீட்டு வாசல் வரைக்கும் கொண்டு வரலாம். 2024 மே 2ல் தமிழ்நாட்டின் தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டுச்சு. எல்லாரும் ஒரே நேரத்துல ஏசி போட்டா எத்தனை நிலையம் கட்டினாலும் பத்தாது. அதனால இந்த ஏற்பாடு வேணும்தான்.

ஆனா ஒரு கேள்வி. பணம் உள்ளவர் கூடக் கொடுத்து ஏசி ஓட்டிப்பார். செகண்ட் ஷிஃப்ட் கூலிக்காரர்?

எண்ணூர் பழைய நிலையம் 2017ல் மூடியாச்சு. சாம்பல் மட்டும் போகலை. செப்பாக்கத்துச் சாம்பல் குளத்தையும் கொசஸ்தலை ஆத்தையும் போய்ப் பாருங்க, தெரியும். சித்தப்பாகிட்ட ஸ்மார்ட் மீட்டர் பத்தி விளக்கிச் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "எல்லாம் சரிடா, மெஷினை நிறுத்துற அன்னிக்கு கூலியை யாரு கொடுப்பா?"ன்னார்.

என்கிட்ட பதில் இல்லை.