கடலும் காலண்டரும்

பொருள் தேடக் கடல் கடந்து போகிறவன் மனைவியை உடன் அழைத்துக்கொண்டு போகலாமா, கூடாதா என்ற தகராறு தமிழர்களுக்குப் புதிதல்ல. தொல்காப்பியர் அதற்கு ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். பெண்ணோடு கடற்பிரயாணம் செய்யும் வழக்கம் இல்லை என்பது அவருடைய விதி. அதோடு விட்டாரா? பிரிந்து போகிறவன் எவ்வளவு காலம் பிரிந்திருக்கலாம் என்பதற்கும் கணக்குப் போட்டு வைத்தார். படிப்புக்காகப் போனால் மூன்று வருஷத்துக்கு மேல் ஆகக் கூடாது. அரசன் காரியமாகப் போனால் ஒரு வருஷம். மற்றப் பிரிவுகளுக்கும் அதுவே கெடு. தலைவி கார்காலத்து மேகத்தைப் பார்த்துக்கொண்டு, வந்துவிடுவார் என்று நாளை எண்ணிக்கொண்டிருப்பாள்.

இலக்கண நூலில் இருந்த இந்தக் கெடு, பின்னாளில் கெஜட்டில் ஏறிற்று. அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன். காதலைப் பற்றிய கதைதான். ஆனால் முத்திரை ஸ்டாம்பும் ரப்பர் ஸ்டாம்பும் அதில் கொஞ்சம் அதிகமாக வரும். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தென்காசிப் பக்கம் போயிருக்கிறவர்களுக்கு வடகரையைத் தெரிந்திருக்கும். பண்பொழிக்கும் அச்சன்புதூருக்கும் அருகே, மேற்கு மலையை முதுகில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஊர். சர்க்கார் தஸ்தாவேஜுகளில் வடகரை கீழ்பிடாகை என்று பெயர். பாளையக்காரர் காலத்தில் வடகரை ஆதிக்கம் என்றால் சொக்கம்பட்டிப் பாளையம். அது பெரிய பேர். ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும்போது இங்கும் காற்று ஈரமாக வீசும். வயல், தென்னந்தோப்பு, பள்ளிவாசல், கோயில் எல்லாம் உண்டு. இவற்றோடு வீட்டுக்கு ஒருவர் கடலுக்கு அப்பால் உண்டு. முன்னே ரங்கூன், கொழும்பு, பினாங்கு, சிங்கப்பூர்; இப்போது துபாய், ரியாத், லண்டன். பெயர்கள்தான் மாறியிருக்கின்றன.

இந்த வட்டாரத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. இராமநாதபுரத்திலிருந்தும் நாகூர்ப் பக்கத்திலிருந்தும் மலாயாவுக்குப் போன முஸ்லிம் வியாபாரிகள் பெரும்பாலும் மனைவியை ஊரிலே விட்டுவிட்டுத்தான் போனார்கள். இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வருவது, ஒரு குழந்தையைக் கொடுத்துவிட்டுத் திரும்புவது என்பது அவர்கள் ஏற்பாடு. கடையநல்லூர்க்காரர்களும் தென்காசிக்காரர்களும் அப்படியில்லை. அவர்கள் பலர் தறி ஓட்டிக்கொண்டிருந்தவர்கள். நெசவு சோறு போடாமல் போனபோது கடைக்கு முதல் போடப் போகவில்லை. கையை நம்பிக் கூலி வேலைக்குப் போனார்கள். கூலிக்குப் போகிறவனுக்கு ஊரில் ஒரு குடும்பம், அங்கே ஒரு குடித்தனம் என்று இரட்டைச் செலவு கட்டுமா? பெண்டு பிள்ளைகளோடு கப்பலேறினார்கள். சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் பகுதியில் குடியேறினார்கள். ஆண்கள் கூலி வேலைக்குப் போக, பெண்கள் மசாலா அரைத்து விற்றுக் குடும்பத்தைத் தாங்கினார்கள். இன்றைக்கும் சிங்கப்பூரில் கடையநல்லூர்த் தெரு என்று ஒரு தெரு இருக்கிறது. அவர்களுடைய சங்கம் 1946-ல் ஆரம்பித்த உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி பிற்பாடு உயர்நிலைப் பள்ளியாகி, 1982 வரை நடந்தது. தொல்காப்பியருக்கு மாறாக நடந்தவர்கள் தமிழுக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டினார்கள் என்பதை அவர் கேட்டிருந்தால் விதியைத் திருத்தியிருப்பாரோ என்னவோ!

அந்த நாளில் போவது சுலபம். எல்லாரும் ஒரே சக்கரவர்த்தியின் பிரஜைகள். செங்கோட்டையிலிருந்து திருநெல்வேலிக்கு ரயில், அங்கிருந்து நாகப்பட்டினம். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். படகிலே போய் ஏற வேண்டும். 1926-ல் கட்டிய 'ரஜூலா' என்ற கப்பல் அரை நூற்றாண்டு காலம் தமிழர்களை ஏற்றி இறக்கியது. மேல்தளத்தில் பாயை விரித்து, பக்கத்தில் ஊறுகாய்ச் சாடியை வைத்துக்கொண்டால் ஒரு வாரத்தில் பினாங்கும் அப்பால் சிங்கப்பூரும் வந்துவிடும். மனைவியை எப்போது அழைப்பது என்பதைக் கையிலிருக்கும் பணமும் மாமியாரின் மனசும் தீர்மானித்தன. சர்க்காருக்கு அதில் அக்கறையில்லை.

அக்கறை வந்தது சுதந்திரத்துக்குப் பிறகுதான். இது விசித்திரமான விஷயம். நாடுகள் விடுதலை பெற்றன. வீடுகளுக்குக் கெடு பிறந்தது.

முதலில் இலங்கை. 1949-ஆம் வருஷத்து இந்திய, பாகிஸ்தானியர் பிரஜா உரிமைச் சட்டம் அந்த ஆகஸ்டு 5-ந் தேதி அமுலுக்கு வந்தது. விண்ணப்பம் போட இரண்டு வருஷம் தவணை. 1946 ஜனவரி 1-ந் தேதிக்கு முன் மணமானவர் ஏழு வருஷமும், மணமாகாதவர் பத்து வருஷமும் தொடர்ந்து இலங்கையில் வசித்திருக்க வேண்டும். இதையெல்லாம் ரொட்டித் துண்டு மாதிரி விழுங்கிவிடலாம். தொண்டையில் முள்ளாகச் சிக்கியது இன்னொரு ஷரத்து. விண்ணப்பிக்கிறவருக்கு மனைவி இருந்தால், அவள் கல்யாணமான முதல் வருஷம் நிறைவதற்குள் இலங்கைக்கு வந்து, அன்றுமுதல் தொடர்ந்து அங்கேயே இருந்திருக்க வேண்டும். குழந்தையா? அதற்கு ஒரு வயசு முடிவதற்குள் வந்திருக்க வேண்டும். பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் தொடர்ச்சி அறுந்துபோகும்.

இந்த ஷரத்தை எழுதியவர் தமிழ்க் குடும்பத்தில் பெண் எடுத்தவராக இருந்திருக்க முடியாது. அல்லது, நன்றாகத் தெரிந்தே எழுதினவராக இருக்க வேண்டும். நம்முடைய வழக்கத்தைப் பாருங்கள். கல்யாணம் ஊரில்தான். மாப்பிள்ளை லீவு முடிந்து போய்விடுவான். ஆடி வந்தால் பெண் தாய்வீடு. பொங்கல் சீர், தீபாவளிச் சீர் என்று அதற்குள் மாதங்கள் ஓடிவிடும். வயிற்றில் தங்கிவிட்டால் ஏழாம் மாதம் பிறந்தகத்துக்கு அழைத்துப் போவார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில். பிள்ளை பெற்றவளைக் கைக்குழந்தையோடு கப்பலேற்ற எந்தத் தாய்க்கு மனசு வரும்? பிள்ளைக்குத் தலை நிற்கட்டும், பல் முளைக்கட்டும் என்பாள். அதற்குள் முதல் வருஷம் போயிற்று. நம் வீட்டுப் பாட்டிமார் ஒவ்வொருவரும் அன்போடு சொன்ன 'கொஞ்சம் பொறுத்துப் போகலாமே' என்ற வார்த்தை, கொழும்பில் ஒரு மனுவைத் தள்ளுபடி செய்யப் போதுமானதாயிருந்தது.

இலங்கை இந்தியர் காங்கிரஸ் முதலில் இந்தச் சட்டத்தையே பகிஷ்கரித்தது. பிறகு மனம் மாறி, விண்ணப்பியுங்கள் என்று சொன்னபோது தவணையில் பெரும்பகுதி கழிந்திருந்தது. கடைசி மாதங்களில் மனுக்கள் வந்து குவிந்தன. எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களுக்காக மனுக்கள். முடிவில் பிரஜா உரிமை கிடைத்தது ஏறத்தாழ 1,34,000 பேருக்கு. மிச்சமிருந்தவர்களைத்தான் 1964-ல் சாஸ்திரியும் ஸ்ரீமாவோவும் ஒப்பந்தம் போட்டு, இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000 என்று பங்கு பிரித்தார்கள். எல்லாத் தள்ளுபடிக்கும் மனைவிதான் காரணம் என்று நான் சொல்லவில்லை. தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கே பிறப்புச் சான்று இல்லாத காலம் அது. ஆனாலும் முதல் கல்யாண நாளை இவ்வளவு பயத்தோடு எண்ணின தம்பதிகள் உலகத்தில் வேறெங்காவது இருந்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகம்.

அடுத்தது மலாயாவும் சிங்கப்பூரும். அங்கே 1953 ஆகஸ்டில் புதிய குடிவரவுச் சட்டம் அமுலாகி, கூலிக்காரனுக்கு வாசல் மூடிக்கொண்டது. ஏற்கெனவே இருப்பவனுடைய மனைவி மக்களுக்கு மட்டும் ஒரு பக்கக் கதவு திறந்திருந்தது. 1959-ல் சிங்கப்பூர் அந்தக் கதவையும் பாதி சாத்திற்று. 1954 டிசம்பருக்குப் பிறகு தொடர்ந்து ஐந்து வருஷம் புருஷனைப் பிரிந்திருந்த மனைவி வர முடியாது. பிரஜையின் பிள்ளையே ஆனாலும் ஆறு வயசு ஆகியிருந்தால் வர முடியாது. சின்ன வயசிலேயே வந்தால்தான் இந்த மண்ணோடு ஒட்டும் என்பது அவர்கள் வாதம். வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. நாற்றங்காலிலிருந்து பிடுங்கி நடுவதற்குப் பருவம் உண்டு என்று விவசாயிக்குத் தெரியாதா? ஆனால் நாற்று, மாமியாரிடம் அனுமதி கேட்க வேண்டியதில்லையே!

அந்த வருஷத்தைக் கடந்து வந்த ஒரு மூதாட்டியை வடகரையில் பார்த்தேன். வயசு எண்பத்தைந்துக்கு மேல். பேச்சில் மட்டும் இன்னும் தறிநாடாவின் வேகம். பெயர் வேண்டாம். 1954 தொடக்கத்தில் நிக்காஹ். அந்த நவம்பரில் கணவர் சிங்கப்பூருக்குத் திரும்பிவிட்டார். தை பிறந்ததும் ஆண் குழந்தை. பணம் வரும், கடிதம் வரும், ஆள் வரவில்லை. ஐந்தாம் வருஷம் ஒரு கடிதம் வந்தது. வழக்கமான ஸலாமும் நலமும் இல்லாமல் முதல் வரியிலேயே தேதி. டிசம்பருக்குள் வந்து சேர வேண்டும், இல்லாவிட்டால் எப்போதுமே வர முடியாது.

"மாமியார் நம்பலை, தம்பி. 'எம்மவன் உன்னைக் கூப்பிட்டுக்கிட ஒரு சாக்கு எழுதியிருக்கான்'னு சொல்லிட்டாக" என்றார்.

ஹஜ்ஜுப் பெருநாள் கழியட்டும் என்றார்களாம். கழிந்தது. நாத்தனார் நிக்காஹ் முடியட்டும் என்றார்கள். அதுவும் முடிந்தது. அதற்குப் பின்தான் காகிதங்கள். பள்ளிவாசல் தப்தரில் நிக்காஹ் பதிந்த பக்கத்துக்கு நகல். பிள்ளைக்குக் கிராம முன்சீப்பின் பதிவேட்டிலிருந்து பிறப்பு நகல். தப்தரில் அவர் பெயர் ஒரு விதமாகவும், கணவர் அங்கே எழுதிக் கொடுத்திருந்த பாரத்தில் வேறு விதமாகவும் இருந்தது. அதற்கு ஓர் அபிடவிட்டு. அம்மை குத்தின சர்ட்டிபிகேட். பாஸ்போர்ட்டுக்குச் சென்னைக்கு மனு. அதில் ஒட்டப் படம் எடுக்கத் தென்காசிக்கு மாட்டு வண்டி. முகத்தைத் திறந்து படம் எடுப்பதா என்று வீட்டில் இரண்டு நாள் சண்டை.

பாஸ்போர்ட் கையில் வந்தபோது ஐப்பசி. நாகப்பட்டினம் கடலில் ஐப்பசி கார்த்திகையில் படகேறுவது எப்படியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மழையில் இரண்டு நாள் காத்திருந்து, பிள்ளையை முதுகோடு சேலையால் கட்டிக்கொண்டு ஏறினாராம். நவம்பர் கடைசியில் சிங்கப்பூர்க் கரை. கணவரைப் பிள்ளைக்கு அடையாளம் தெரியவில்லை. "எனக்கும்தான் சட்டுனு தெரியலை" என்று சொல்லிவிட்டு, எண்பது வயசுக்கு மேல் வரக்கூடிய வெட்கத்தோடு சிரித்தார்.

சிரிப்பு நிற்குமுன் இன்னொரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். அடுத்த தெரு, கூடவே ஓதப் போனவள். அவளுடைய கணவரும் அதே மாதிரிதான் எழுதியிருந்தார். அவள் வீட்டில் கொஞ்சம் வசதி அதிகம், ஆகவே அவசரம் குறைவு. அவளுடைய பாஸ்போர்ட் வந்தபோது ஜனவரி. மனுமேல் மனுவாகப் போட்டுப் பார்த்தார்கள். மூன்று வருஷத்துக்கு ஒரு முறை அவர் இங்கே வந்தார். அப்படியே தலை நரைத்தது. நிரந்தரமாகத் திரும்பிவந்த வருஷத்திலேயே அவர் காலமாகிவிட்டார். "மொத்தமா கூட்டிப் பார்த்தா ரெண்டு வருசம் சேந்து இருந்திருப்பாக. நான் எண்ணிப் பாத்திருக்கேன்" என்றார் மூதாட்டி.

வளைகுடா நாடுகளின் கதை சுருக்கமானது. அங்கே தேதி இல்லை. சம்பளமும், சில நாடுகளில் தொழிலும்தான் கேள்வி. இஞ்சினீயர் மனைவியை அழைத்துக்கொள்ளலாம். கொத்தனாருக்கும் டிரைவருக்கும் பெரும்பாலும் அந்தப் பேச்சே கிடையாது. நம்பிக்கை கொடுத்து ஏமாற்றவில்லை என்ற அளவில் அது ஒரு நாணயமான ஏற்பாடு.

தேதி திரும்பவும் வந்தது இங்கிலாந்தில். 2024 ஜனவரி 1-ந் தேதிமுதல் அங்கே புதிதாகப் படிக்கப் போகிறவர்களில், ஆராய்ச்சி மாணவர்கள் போன்ற சிலரைத் தவிர மற்றவர்கள் கணவனையோ மனைவியையோ கூட்டிப் போக முடியாது. அந்த மார்ச்சு 11-ந் தேதிமுதல், முதியோரைப் பராமரிக்கும் வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கும் அதே கதி ஆயிற்று. 10-ந் தேதி மனு கொடுத்தவன் குடும்பஸ்தன். 11-ந் தேதி கொடுத்தவன் ஒண்டிக்கட்டை. படிப்புக்குப் போகிறவன் மூன்று வருஷத்துக்கு மேல் பிரியக் கூடாது என்ற பழைய புலவர், ஒரு வருஷப் பட்டத்துக்கு மனைவியை விட்டுவிட்டு வா என்கிற இந்தச் சட்டத்தை ஒருவேளை ஆமோதித்திருக்கக் கூடும்!

மூதாட்டியின் பேரன் அந்தத் தேதிக்கு முன்னால் போனவன். மனைவி வடகரையில். அவளுக்கு மனு போடும் நேரத்தைப் பற்றித்தான் அன்று வீட்டில் பேச்சு. காசநோய் இல்லை என்கிற சர்ட்டிபிகேட்டுக்கு ஆறே மாதம் ஆயுள். முன்கூட்டி எடுத்தால் வீணாகும். பிந்தி எடுத்தால் மனு நிற்கும். இதற்கிடையில் அவளுடைய தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அதை முடித்துவிட்டு மனு போடலாமே என்று பெண்ணின் தாயார் மெதுவாக ஆரம்பித்தார்.

மூதாட்டி வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். "கல்யாணம் நாள் பாத்து நடக்கட்டும். காயிதத்தை நாளைக்கே குடுங்க" என்றார்.