தொடக்ககால மோட்டார் வண்டிச் சக்கரமும் அளவின் எல்லையும்

பொறித்தொழில் வரலாற்றை எழுதுவோர் பலரும், அளவின் நுண்மை படிப்படியாக மிகுந்த கதையாகவே அதனைக் கூறுவர். நுண்மை மிகுந்தது உண்மையே. எனினும், ஓர் உறுப்பு குறித்த அளவினின்றும் எவ்வளவு கூடினாலும் குறைந்தாலும் ஏற்கலாம் என முன்னரே வரையறுத்தமை அதனினும் பெரிய மாற்றம் என்பது எம் கருத்து. அவ்வரையறையை ஈண்டு ‘இசைவெல்லை’ எனக் குறிப்போம். மோட்டார் வண்டியின் தொடக்ககாலச் சக்கரம் இதற்குத் தக்க சான்றாகும்.

குதிரை வண்டிக்குச் சக்கரம் செய்த ஐரோப்பியத் தச்சனுக்கு இசைவெல்லை வேண்டப்படவில்லை. குடத்தையும் ஆரக்கால்களையும் வட்டையையும் இணைத்தபின், சிறிய அளவுருளை ஒன்றினை வட்டையின்மீது உருட்டிச் சுற்றளவு கண்டான். அதனினும் சற்றுக் குறைந்த இரும்புப் பட்டையைக் காய்ச்சி ஏற்றி, நீரூற்றிக் குளிர்வித்தான். சுருங்கிய பட்டை மரத்தை இறுகப் பற்றிற்று. சக்கரங்கள் தம்முள் சிறிது வேறுபடினும் கேடில்லை. ஒவ்வொரு பட்டையும் தன் சக்கரத்துக்கென்றே செய்யப்பட்டது.

காற்றடைத்த ரப்பர் டயர் இந்நிலையை மாற்றியது. 1895-ஆம் ஆண்டின் பாரிசு–போர்தோ ஓட்டத்தில் மிச்சலின் உடன்பிறப்பினர் அத்தகைய டயர் பூண்ட மோட்டார் வண்டியைச் செலுத்தினர். டயர் செய்வோர் ஒருவர், சக்கரம் செய்வோர் மற்றொருவர் என்றாயபின், புதிய டயர் தான் முன்பு கண்டிராத சக்கரத்திலும் பொருந்தவேண்டியதாயிற்று.

1890-ஆம் ஆண்டிலேயே இதற்கு இருவழிகள் உரிமம் பெற்றிருந்தன. பார்ட்லெட் கண்ட வழியில், டயரின் ஓரம் உட்கவிந்த விளிம்பில் மாட்டிக்கொள்ளும். காற்றழுத்தம் அதனை அங்கே நிறுத்தும். ரப்பர் நெகிழுமாதலின் சிறு வேறுபாட்டை அதுவே ஏற்றுக்கொண்டது. வெல்சு கண்ட வழியில், டயரின் ஓரத்தினுள் நீளாத கம்பி அமைந்தது. விளிம்பு பெரிதாயின் டயர் செவ்வனே அமராது; சிறிதாயின் ஓட்டத்தில் நழுவும். எனவே இசைவெல்லை குறுகியது. விட்டத்திலுள்ள பிழை சுற்றளவில் மும்மடங்குக்கு மேலாகத் தோன்றுமாதலின், நாடாவால் சுற்றளவை அளத்தல் விளிம்பைச் சோதிக்க ஏற்ற முறையாகும்.

எனினும், விளிம்பைத் தாங்கிய வட்டையும் ஆரக்காலும் பல வண்டிகளில் மரமாகவே நீடித்தன. 1908-இல் வெளிவந்த ஃபோர்டு டி வண்டி 1920-களின் நடுப்பகுதி வரையில் பெரும்பாலும் மரச் சக்கரங்களிலேயே ஓடிற்று. மரம் ஈரத்தில் பருக்கும், வறட்சியில் சுருங்கும். எஃகின் நுண்மையை அதனிடம் பெறல் அரிது. ஆகவே, கழற்றத்தக்க விளிம்புகள் பலவற்றில், வட்டைக்கும் விளிம்புக்கும் இடைப்பட்ட வெளியை ஆப்பும் திருகாணியும் நிரப்பின. வேறுபாட்டை ஒழிக்க இயலாதவிடத்து, அதனை உட்கொள்ளும் அமைப்பே துணையாயிற்று.

சக்கரத்தின் நடுவிலோ நிலை வேறு. அச்சைத் தாங்கும் உருளைகளுள் ஒன்று சற்றே பருத்திருப்பினும் சுமை முழுதும் அதன்மேற் சாரும், தேய்வு விரையும். காடிலாக் நிறுவனத்தின் ஹென்றி லேலண்டு, இளைஞரான ஆல்ஃபிரட் சுலோன் விற்ற உருளைத் தாங்கிகளை நுண்ணளவியால் அளந்து, அவற்றின் வேறுபாட்டைக் கண்டித்தார். அங்குலத்தின் ஆயிரத்தில் ஒருபங்கு ஆண்டுப் பேச்சுக்குரிய அளவாயிற்று. 1908-இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்சு ஓட்டக்களத்தில் மூன்று காடிலாக் வண்டிகளைப் பிரித்து, உறுப்புக்களைக் கலந்து, மீண்டும் பூட்டி, 500 மைல் ஓட்டிக் காட்டினர். இழைத்துப் பொருத்துதல் இன்றியே எவ்வுறுப்பும் எவ்வண்டிக்கும் பொருந்துமென்பது அதனால் மெய்ப்பட்டது.

இவற்றால் யாம் அறிவது யாது? குடத்தில் மிக நுண்ணிய எல்லை, விளிம்பில் அதனினும் தளர்ந்த எல்லை, வட்டையில் ஆப்பின் உதவி என ஒரே சக்கரத்தில் மூவகை முறைகள் நிலவின. எங்கும் நுண்மையை வேண்டியிருப்பின், வண்டியின் விலை எளியோர்க்கு எட்டியிராது. எங்கும் தளர்த்தியிருப்பின், ஊர்ந்தோர் உயிருக்கு ஊறு நேர்ந்திருக்கும். எவ்விடத்து எவ்வளவு பிழை பொறுக்கத்தக்கது என்று தெரிந்ததே அக்காலப் பொறித்தொழிலாளர் எய்திய உண்மையான தேர்ச்சியாகும்.